பரண்மேல் ஒரு பறவை

பொதிகையில் பிறக்கும் தென்றலைப் பாடாத தமிழ்ப் புலவர் அரிது. அந்தத் தென்றலின்மேல் ஏறிச் சவாரி செய்யும் வேலையைப் புலவர்கள் பருந்துகளுக்கு விட்டுவிட்டார்கள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாபநாசம் போகும் சாலையில் நின்று, வெயில் ஏறிய வேளையில் சற்று அண்ணாந்து பார்த்தால் போதும். ஒரு பருந்து சிறகை அசைக்காமலே வட்டமிட்டு வட்டமிட்டு மேலே போய்க்கொண்டிருக்கும். அதற்கு இஞ்சின் இல்லை, பெட்ரோல் செலவு இல்லை, ஓசையும் இல்லை. காற்றின் போக்கை அறிந்து, அதற்கு இணங்கி நடக்கும் சாமர்த்தியம் ஒன்றே அதன் மூலதனம்.

இந்தச் சாமர்த்தியத்தை மனிதன் கற்றுக்கொண்டு செய்த சாதனத்துக்குத்தான் கிளைடர் என்று பெயர். இஞ்சின் இல்லாத விமானம் என்று சொல்லலாம். ஜெர்மனியில் ஆட்டோ லிலியந்தால் 1891-இல் இத்தகைய சிறகுகளைக் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து மிதந்து இறங்கினார். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1900 முதல் 1902 வரையில் கிளைடர்களிலேயே பழகி, அதற்குப் பின்புதான் 1903-இல் இஞ்சின் வைத்துப் பறந்தார்கள். ஆகவே விமானக் கலையின் அரிச்சுவடி கிளைடர்தான்.

நமது தேசமும் இந்த அரிச்சுவடியை நன்றாகவே படித்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து புது டில்லியில் சிவில் விமான இலாகாவின் தொழில்நுட்ப நிலையத்தில் எஸ். ராமாமிர்தம் என்ற நிபுணரின் திட்டப்படி கிளைடர்கள் உருவாயின. முதலாவது 1958-இல் பறந்தது; அதற்கு 'அசுவினி' என்று பெயர். பின்பு பரணி, ரோஹிணி, கார்த்திக், மிருகசீர்ஷம் என்று பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் சூட்டியதுபோல் நட்சத்திரங்களின் பெயரையே வரிசையாக வைத்தார்கள். இருவர் அருகருகே உட்காரக்கூடிய ரோஹிணியில் ஏறிப் பழகிய இளைஞர்கள் தேசமெங்கும் உண்டு.

அவை ஆள் ஏறும் கிளைடர்கள். இங்கே நாம் எடுத்துக்கொண்ட விஷயம், ஆள் ஏறாமல் தரையில் நின்றபடியே ரேடியோ மூலம் ஓட்டும் மாதிரிக் கிளைடர். அதிலும், ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன்பு ஒருவர் கையால் கட்டி, பின்பு பரணில் ஏறிவிட்ட பழைய கிளைடர்.

பேரீச்சம்பழத்துக்குப் போகுமுன்...

விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையால் வளர்ந்த ஊர். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்ச் சக்தியை நம்பி இங்கே ஆலை வைத்தார்கள். யந்திரத்தோடு பழகிய கைகள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் இருந்துவருகின்றன. இத்தகைய ஊர்களில், ரேடியோப் பெட்டியைப் பிரித்துப் பூட்டுவதும், கடிகாரத்தைச் சீர்செய்வதும், மரத்தில் விமானம் செய்து பார்ப்பதும் சிலருக்கு ஓய்வுநேர வேலையாக இருந்தன. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவும் மாணவர்களுக்கு மாதிரி விமானம் செய்யக் கற்றுக்கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்து கொடுத்த பெட்டிகளும் உண்டு. ஜெர்மனியின் கிரௌப்னர் கம்பெனி விற்ற 'அமிகோ' போன்ற, ஏறக்குறைய 2 மீட்டர் சிறகு கொண்ட கிளைடர்கள் உலகமெங்கும் பையன்களின் கையில் பறந்தன. 1930-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியே 2012-இல் நொடித்துப்போய் வேறு கைக்கு மாறிவிட்டது.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இப்படிப்பட்ட பெட்டி ஒன்று பரணிலிருந்து இறங்குகிறதென்று வைத்துக்கொள்வோம். கரையான் மண்ணும் கரப்பான் எச்சமுமாக உள்ளே ஒரு சிறகு கிடக்கும். "இந்தக் குப்பையை இன்னும் எத்தனை நாளைக்கு வைத்துக் காப்பாற்றுவது?" என்ற கேள்வி உடனே எழும். அடுத்தாற்போல் தெருவில் பழைய இரும்புக்காரரின் குரல் கேட்கும். பேரீச்சம்பழத்துக்கு விலையாகிப் போன பொருள்களின் கணக்கை எழுதினால் நமது வீடுகளின் சரித்திரத்தில் பாதி அதில் அடங்கும்.

அந்தப் பெட்டியை விற்பதற்குமுன் ஒரு நாழிகை யோசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வதே நமது நோக்கம். புதிய கிளைடர் வேண்டுமானால் நுரைப் பொருளில் வார்த்ததைக் கடையில் வாங்கி அன்று மாலையே பறக்கவிடலாம், அது மலிவுகூட. பழையதில் இருப்பது வேறு விஷயம். அதன் ஒவ்வொரு விலாவும் ஒரு மனிதர் கத்தி பிடித்து அறுத்தது. ஒவ்வொரு மூட்டும் அவர் விரலால் பசை தடவி ஒட்டியது. அவருடைய கையெழுத்துக் கடிதம் கிடைத்தால் எறிந்துவிடுவோமா?

காற்றில் போகும் கட்டளை

ரேடியோவினால் தூரத்திலுள்ள பொருளை இயக்கலாம் என்ற எண்ணத்துக்கு நம் நாட்டிலேயே ஆதி உதாரணம் உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில், சுவர்களைக் கடந்து சென்ற மின் அலைகளால் மணியை அடிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் திருப்பிக் காட்டினார்.

ஆகாயத்தில் இதைச் சாதித்தவர்களில் முதன்மையானவர்கள் ராஸ் ஹல், கிளிண்டன் டிசோட்டோ என்ற இருவர். அமெரிக்காவில் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் சங்கத்தில் பணிபுரிந்த இவர்கள், 1937-இல் பெரிய கிளைடர்களில் ரேடியோவைப் பொருத்தி நூறு தடவைக்குமேல் வெற்றியாகப் பறக்கவிட்டார்கள். ஹல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். மறு வருஷமே, டெலிவிஷன் சாதனம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கையில் மின்சாரம் தாக்கி அவர் இறந்துபோனார். அதே காலத்தில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் இஞ்சின் பூட்டிய மாதிரி விமானத்தை ரேடியோவால் ஓட்டினார்கள்.

அந்நாளைய கருவியின் வேலைப்பாடு வேடிக்கையானது. கிளைடருக்குள் முறுக்கிய ரப்பர்ப் பட்டை ஒன்று இருக்கும். கீழே நிற்பவர் பொத்தானை அழுத்தினால், மேலே ஒரு மின்காந்தம் ஒரு கொக்கியை விடுவிக்கும். ரப்பரின் முறுக்கு ஒரு படி அவிழும். வாலிலுள்ள சுக்கான் வலப்புறம் திரும்பும். விட்டால் நேராகும். மறுபடி அழுத்தினால் இடப்புறம் திரும்பும். வலம், நேர், இடம், நேர் என்ற வரிசையை மாற்ற முடியாது. கடைசியாகத் திரும்பியது எந்தப் பக்கம் என்பதை மறந்தவருடைய கிளைடர் புளியமரத்தில்தான் இறங்கும். 1960-களில்தான், கையின் அசைவு எவ்வளவோ அவ்வளவே சுக்கானும் அசையக்கூடிய சாதனங்கள் பரவலாயின.

முதலில் நோயை அறிதல்

பெட்டியைத் திறந்தவுடன் பசையும் கத்தியும் தேடி ஓடக்கூடாது. முதலில் எல்லாப் பாகங்களையும் வெள்ளைத் துணியின்மேல் பரப்பிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றையும் நிறுத்து எடையை எழுதவேண்டும். நீளம், அகலம், சிறகு மேல்நோக்கி வளைந்த அளவு ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். வரைபடம் தொலைந்து போயிருந்தால், உடைந்த விலாவைக் காகிதத்தின்மேல் வைத்து அச்செடுத்துக்கொண்டு அதன்பின்பே அகற்றவேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்ற காரியம் இது.

இந்தக் கிளைடர்களில் பெரும்பகுதி பால்ஸா என்ற மரம். தென் அமெரிக்காவில், முக்கியமாக ஈக்வடாரில், விளைவது. தஞ்சாவூரில் சிற்ப வேலை செய்கிறார்களே, அந்த நெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் பால்ஸாவின் லேசான தன்மையை ஒருவாறு ஊகிக்கலாம். ஆனால் நெட்டிக்கு இல்லாத உறுதி பால்ஸாவுக்கு உண்டு. இரண்டாவது உலக மகா யுத்தத்தில் பிரிட்டிஷாரின் 'மாஸ்கிட்டோ' விமானத்தின் உடலுக்கே இது உபயோகப்பட்டது. நீளவாட்டில் ஓடும் உத்தரக் கட்டைகளுக்கு மட்டும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தைப் போடுவார்கள்.

இந்த மரத்துக்கு நம் ஊரில் மூன்று சத்துருக்கள்: கரையான், உளுப்பு வண்டு, ஈரம். விரல் நுனியால் ஒவ்வொரு விலாவையும் மெதுவாகத் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்ற ஓசை வந்தால் நலம். பொத்தென்றால் உள்ளே மாவாகிவிட்டது என்று அர்த்தம். சிறகின் உத்தரக் கட்டையில் உளுப்புக் கண்டால் சமாதானம் செய்துகொள்ளாமல் மாற்றிவிடவேண்டும். ஆகாயத்தில் சிறகின் பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான். வால் பக்கத்து விலா ஒன்று பழுதானால் விமானம் தள்ளாடும். உத்தரம் முறிந்தால் விழும்.

பழைய பசையையும் நம்பக்கூடாது. செல்லுலோஸ் பசை வருஷங்கள் செல்லச் செல்லக் கண்ணாடிபோல் நொறுங்கும். மூட்டைச் சிறிது வளைத்துப் பார்த்து, 'கிளிக்' என்று ஓசை கேட்கும் இடத்தையெல்லாம் பிரித்து மறுபடி ஒட்டுவது உத்தமம். கம்பி, மரத்தோடு சேரும் இடங்களில் பசை மட்டும் போதாது. நூலால் இறுக்கிச் சுற்றி, சுற்றின்மேல் பசை தடவவேண்டும். நூலுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு நல்ல நூல் எது என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

பட்டும் இட்லிப் பானையும்

சிறகின் எலும்புக்கூட்டுக்கு மேலே மெல்லிய காகிதமோ பட்டுத் துணியோ போர்த்தி, 'டோப்' என்னும் மெருகை அதன்மேல் பூசுவது பழைய வழக்கம். டோப் உலரும்போது சுருங்கி, துணியை மத்தளத் தோல்போல் விறைப்பாக்கும். கஷ்டம் என்னவென்றால் அது வருஷக் கணக்காகச் சுருங்கிக்கொண்டே போகும். பரணில் சாய்வாகக் கிடந்த சிறகு முறுக்கிக்கொள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பழைய போர்வையை முரட்டுத்தனமாகக் கிழித்தால் விலாக்களும் கூடவே வந்துவிடும். தின்னர் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி இளக்கி, மெதுவாக உரிக்கவேண்டும். இதில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. டோப்பில் பல வகை நைட்ரோ செல்லுலோஸினால் ஆனவை. பழைய சினிமாச் சுருள்கள் தீப்பிடித்து எரிந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறோமே, அந்தச் சுருள்களின் பொருளும் இதுவே. ஆகையால் அடுப்பங்கரைக்கும் பூஜை விளக்குக்கும் தூரமாக, காற்றோட்டமான தாழ்வாரத்தில் வைத்துத்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கலாகாது.

பருவத்தையும் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டோப் பூசினால், காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து மேற்பரப்பு வெள்ளை பூத்துவிடும். மழை ஓய்ந்து, வெயில் சுள்ளென்று காயும் நாள் வரையில் பொறுப்பதே புத்திசாலித்தனம். அவசரக்காரருக்கு இந்தத் தொழில் ஏற்றதன்று. பத்தமடையில் கோரையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் பட்டுப்போன்ற பாய் நெய்பவர்களின் பொறுமையில் கால் பங்காவது வேண்டும்.

போர்வை நன்றாயிருந்து முறுக்கு மட்டும் இருந்தால், அதற்குக் கைகண்ட வைத்தியம் இட்லிப் பானையில் இருக்கிறது. பொங்கி வரும் ஆவிக்குமேல் சிறகைப் பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று அதிகமாகவே திருகி, அப்படியே ஆறவிட்டால் நேராகும். இரண்டு மூன்று தடவை செய்யவேண்டியிருக்கும். சிறகின் நுனியில் பின்விளிம்பு ஒன்றிரண்டு டிகிரி மேல்நோக்கி இருந்தால், அதைப் பிழை என்று கருதித் திருத்திவிடக்கூடாது. வேகம் குறையும்போது நுனி முதலில் தளராதிருக்கும்பொருட்டுக் கட்டியவர் வேண்டுமென்றே வைத்த அமைப்பு அது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கவேண்டும்.

பழைய உடலில் புதிய நரம்பு

பெட்டியிலிருக்கும் பழைய ரேடியோவை என்ன செய்வது? அதன் பாட்டரிகள் பெரும்பாலும் கசிந்து, கம்பிகளைப் பச்சை பூக்கச் செய்திருக்கும். பழைய சாதனங்கள் 27 மெகாஹெர்ட்ஸ் முதலிய அலைகளில் வேலை செய்தவை. பக்கத்தில் வேறொருவர் அதே அலையில் பேசினால் போதும், கிளைடர் தன் எஜமானரை மறந்துவிடும். இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் சாதனங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நமது தேசத்தில் 2005-ஆம் ஆண்டு முதல் அந்த அலைவரிசையைக் குறிப்பிட்ட சக்திக்குள் உபயோகிக்கத் தனி லைசென்ஸும் தேவையில்லை. ஆகவே பழைய ரேடியோவைச் சுத்தம்செய்து அலமாரியில் வைத்துவிட்டு, உடலுக்குள் புதியதைப் பொருத்துவது பலரும் ஒப்பும் முறை. மரத்தை அறுக்காமல், பிற்காலத்தில் கழற்றிவிடக் கூடியபடி பொருத்தவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. புதிய ரிஸீவரும், சுக்கானைத் திருப்பும் ஸர்வோ என்ற சிறு மோட்டார்களும் தலைக்குப் பத்து கிராம்கூட இருக்கமாட்டா. எடை குறைந்தது லாபம் என்று சந்தோஷப்பட்டுவிட்டால், கிளைடரின் மூக்கு லேசாகி வால் கனத்துவிடும். தராசுக்கோலை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். பழைய சாதனம் 200 கிராம். பாரமையத்துக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் 60 கிராம் சாதனத்தை வைத்தால் 140 கிராம் குறைகிறது. இதை ஈடுசெய்ய, 28 சென்டிமீட்டர் முன்னாலுள்ள மூக்கு நுனியில் 100 கிராம் ஈயம் வைக்கவேண்டும். ஆக மொத்தம் மிச்சம் 40 கிராம்தான். ஈயத்தைச் சுமப்பதா என்று வருந்தவேண்டாம். மூக்கில் ஈயம் இல்லாத கிளைடர் வாலைத் தொங்கப்போட்டு, ஏறி விழுந்து, ஏறி விழுந்து, கடைசியில் ஒரேயடியாக விழும்.

பாரமையம் எங்கே இருக்கவேண்டும்? வரைபடத்தில் குறித்த இடம் இருந்தால் அதுவே வேதவாக்கு. இல்லாவிட்டால், சிறகின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பாக வைத்துத் தொடங்கலாம். சிறகின் அடியில் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்துத் தூக்கினால், கிளைடர் மூக்கை ஒரு நூலளவு தாழ்த்தி நிற்கவேண்டும். வால் சிறகைவிடப் பெரிய சிறகு இரண்டு மூன்று டிகிரி மேல்நோக்கியிருப்பது சாதாரண அளவு. பழைய ரப்பர்ப் பட்டைகளை யோசனையின்றி எறிந்துவிட்டுப் புதியவை போடவேண்டும். சிறகை உடலோடு ரப்பரால் கட்டியது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. எதிலாவது மோதினால் சிறகு உடையாமல் கழன்று விலகும் என்பதற்காகவும்தான்.

இனிக் கொஞ்சம் கணக்கு. 2 மீட்டர் நீளமும் சராசரி 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிறகின் பரப்பு 40 சதுர டெசிமீட்டர். மொத்த எடை 1 கிலோவானால், ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 25 கிராம் சுமக்கிறது. இத்தகைய கிளைடர் விநாடிக்கு சுமார் 8 மீட்டர், அதாவது ஓட்டப் பந்தயக்காரன் வேகத்தில், அமைதியாக மிதக்கும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 12 மீட்டர் முன்னேறும் என்று கொண்டால், 100 மீட்டர் உயரத்திலிருந்து விட்டது 1,200 மீட்டர் சென்று, இரண்டரை நிமிஷத்தில் தரையைத் தொடும். பழுதுபார்க்கிறேன் என்று பசையும் மரமுமாக அப்பி எடையை ஏற்றினால், வேகமும் ஏறும். விழும் அடியும் ஏறும்.

எங்கே, எப்பொழுது?

மலை அருகிலிருக்கிறது, காற்றும் வீசுகிறது, ஆகவே மலையடிவாரமே சிறந்த இடம் என்று எண்ணுவது இயல்பு. விக்கிரமசிங்கபுரத்தைப் பொறுத்தவரையில் இந்த எண்ணம் அபாயகரமானது.

காற்று மலையில் மோதி மேலேறும் பக்கத்தில்தான் கிளைடருக்குத் தூக்கம் கிடைக்கும். ஆனி, ஆடியில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையாளக் கரையில் மோதி, 1,868 மீட்டர் உயரமான அகத்தியமலையையும் அதன் சுற்றத்தையும் தாண்டி, நம் பக்கத்தில் கீழ்நோக்கிப் பாய்கிறது. பாறையைத் தாண்டிய ஆற்றுநீர் மறுபக்கத்தில் சுழிப்பதுபோல, மலையைத் தாண்டிய காற்றும் அடிவாரத்தில் கண்ணுக்குத் தெரியாத சுழலாகப் புரளும். கணவாய்களின் வழியே வரும் வேகமோ இன்னும் அதிகம். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பழைய பால்ஸாச் சிறகு அந்தச் சுழலைத் தாங்காது.

ஐப்பசிக்குமேல் வடகிழக்குக் காற்று மலையின் கீழ்ச்சரிவில் மோதி மேலேறுவது உண்மையே. ஆனால் அது மழைக்காலம். அன்றியும் மலைச்சரிவு, 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே பறக்கவிடுவது முறையும் அல்ல. தவறி விழுந்த கிளைடரைத் தேடிப் போக அங்கே வழியும் இல்லை.

ஆகவே நமது யோசனை வேறு. பிசான நெல் அறுவடையாகி, மாசி பங்குனியில் வயல்கள் தாள் தரையாகக் காய்ந்து கிடக்கும் சமயமே உகந்தது. மலையை விட்டுக் கிழக்கே தள்ளி, மின்கம்பிகளும் சாலையும் இல்லாத திறந்தவெளியைத் தேர்ந்து, வயலுக்குரியவரிடம் சொல்லிவிட்டு இறங்கவேண்டும். 2021-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் வெளியிட்ட டிரோன் விதிகளையும், அவற்றின்படி வெளியான ஆகாய எல்லைப் படத்தையும் பார்த்துக்கொள்வது அவசியம். பச்சை மண்டலமாகக் குறித்த இடங்களில் அந்த விதிகள் வைத்த உயர எல்லை 400 அடி.

முதல் சோதனை விடியற்காலையில், காற்று உறங்கும் நேரத்தில் நடக்கட்டும். சுக்கானை வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம்தான் திரும்புகிறதா என்பதை இருமுறை பார்க்கவேண்டும். ஒருவர் கிளைடரைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தூரம் நடந்து ரேடியோ எட்டுகிறதா என்று சோதிக்கவேண்டும். பிறகு காற்றுக்கு எதிர்முகமாக, மூக்கைத் தூக்காமல், ஈட்டிபோல் நேராக எறியவேண்டும். ஏறிக் குப்புற விழுந்தால் மூக்குக்கு இன்னும் சிறிது ஈயம். அம்புபோல் தரையில் பாய்ந்தால் சற்றுக் குறைவு. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம்தான். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

நேராக மிதந்து தாளின்மேல் இறங்கக் கற்றபின், 100 மீட்டருக்குச் சற்றுக் கூடிய நைலான் கயிற்றின் நுனி வளையத்தைக் கிளைடரின் அடிக்கொக்கியில் மாட்டி, ஒருவர் காற்றுக்கு எதிராக ஓடினால், பட்டம் போலவே மேலேறும். உச்சியில் கயிறு தளர்ந்ததும் வளையம் தானாகக் கழன்றுவிடும். வெயில் ஏறியபின் காய்ந்த வயலின் சூட்டுக்காற்று தூண்தூணாக மேலே எழும். ஈர வயலின்மேலும் குளத்தின்மேலும் அது இராது. அந்தத் தூண் எங்கே இருக்கிறது என்பதை வட்டமிடும் பருந்துதான் நமக்குக் காட்டிக்கொடுக்கும்.

பறப்பதா, பாதுகாப்பதா?

எல்லாம் சரி, இவ்வளவு பாடுபட்டுப் புதுப்பித்ததை மறுபடி ஆகாயத்தில் விட்டு ஆபத்துக்கு உள்ளாக்கலாமா? கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் இன்னும் ஐம்பது வருஷம் இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கட்டியவர் காலமாகிவிட்டார், வரைபடம் இல்லை, அதைப்போல் மற்றொன்று கிடைக்காது என்ற நிலைமையில் கண்ணாடிப் பெட்டியே சரி என்போம். ஆனால் அப்படிச் செய்யுமுன், அதை அளந்து வரைபடம் எழுதி, அதன்படி புதியதொன்றைக் கட்டிப் பறக்கவிடலாம். அசல் வீட்டில் இருக்கும். அதன் வம்சம் வானத்தில் இருக்கும்.

மற்றவற்றைப் பறக்கவிடுவதே நமக்குச் சம்மதம். வீணையைத் துடைத்துத் துடைத்து மூலையில் வைப்பதால் அதைச் செய்தவருக்குப் பெருமையில்லை. உடைந்தால் ஒட்டலாம், ஒட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும் என்பதே முக்கியம். பாட்டனாருக்குத் தெரிந்தது தகப்பனாருக்குத் தெரியாமலும், தகப்பனாருக்குத் தெரிந்தது பையனுக்குத் தெரியாமலும் போனால், கடையில் வாங்குவதும் குப்பையில் எறிவதுமே நமது தொழிலாகிவிடும். பன்னிரண்டு வயதுப் பெண்ணும் பையனும் இரண்டு மாதம் ஒரு சிறகோடு மல்லாடினால், மரத்தின் குணத்தையும், காற்றின் குணத்தையும், தங்கள் பொறுமையின் அளவையும் தாங்களே தெரிந்துகொள்வார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றில், எந்த விலாவை மாற்றினோம், எத்தனை கிராம் ஈயம் வைத்தோம், பாரமையம் எத்தனை சென்டிமீட்டரில் நின்றது, எந்தத் தேதியில் எந்த வயலில் எத்தனை நிமிஷம் பறந்தது என்பவற்றை எழுதி, அந்தப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். மறுபடியும் அது ஒருநாள் பரண் ஏறத்தான் போகிறது. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அதை இறக்குகிறவர்களுக்கு, அது குப்பை அல்ல என்று சொல்ல அந்த நோட்டுப் புத்தகம் அங்கே இருக்கும்.